அரசியல்வாதி நீதிபதியைத் தாக்கிப் பேசும்போது என்ன பார்க்க வேண்டும்: ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் தீர்ப்பு வருகிறது. மதியத்துக்குள் ஏதோ ஒரு கட்சியின் தலைவர் மைக் முன்னால் நின்று, நீதிபதி விலை போய்விட்டார் என்கிறார். இரவு விவாதத்தில் ஒரு தரப்பு ‘இது அப்பட்டமான நீதிமன்ற அவமதிப்பு’ என்கிறது, மறு தரப்பு ‘நீதிபதி என்ன கேள்வி கேட்க முடியாத ஆளா’ என்கிறது. இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம்.

நீதிபதிகளைக் கேள்வி கேட்க வேண்டிய தேவை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் சத்தமாகத் திட்டுகிறவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்களா என்பது வேறு விஷயம். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: மேடையில் சொன்னதை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, உரிய இடத்தில் கொடுக்க அவர் தயாரா? கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

படி 1: உத்தரவின் நகலை எடுத்துப் படியுங்கள்

தலைவர் எதைத் திட்டுகிறார் என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. உயர் நீதிமன்றங்களின் தளங்களிலும் ஈகோர்ட்ஸ் தளத்திலும் உத்தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

முதல் பக்கத்தில் வழக்கு எண்ணைப் பாருங்கள். டபிள்யூ.பி.(எம்.டி) என்று இருந்தால் மதுரைக் கிளையில் தாக்கலான ரிட் மனு. டபிள்யூ.எம்.பி என்றால் வழக்கோடு போட்ட இடைக்கால மனு. உத்தரவு அந்த மனு மீது மட்டும் என்றால் வழக்கு இன்னும் முடியவில்லை. டபிள்யூ.ஏ என்றால் தனி நீதிபதியின் உத்தரவுக்கு எதிராக இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போன மேல்முறையீடு. பிறகு நேராகக் கடைசிப் பத்திகளுக்குப் போங்கள். நீதிமன்றம் யாரை என்ன செய்யச் சொல்கிறது என்பது அங்கேதான் இருக்கும். நடுவில் வரும் இருபது பக்கம் வாதங்களின் சுருக்கமாக இருக்கலாம். ஒரு வழக்கறிஞர் சொன்ன வாதத்தையே நீதிபதியின் கருத்து என்று வெட்டிப் பரப்புவது இங்கே வாடிக்கை.

விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்பது உத்தரவு ஆகாது. வழக்கறிஞரை மடக்குவதற்காக எதிர்க் கேள்வி போடுவது நீதிபதியின் அன்றாட வேலை. ‘நீதிபதி காட்டம்’ என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த வகை. அதே சமயம், உத்தரவில் எழுதாத கடுஞ்சொற்களை நீதிபதிகள் மன்றத்தில் தாராளமாக வீசுவதும் விமர்சிக்க வேண்டிய பழக்கம்தான். அதைச் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை.

படி 2: பேச்சைப் பிரித்துப் பாருங்கள்

முழுக் காணொளியைப் பார்த்துவிட்டு, சொன்னது எந்த வகை என்று கேளுங்கள். தீர்ப்பு தவறு என்கிறாரா? நீதிபதிக்குச் சாய்வு இருக்கிறது என்கிறாரா? பணமோ பதவியோ வாங்கிக்கொண்டு எழுதினார் என்கிறாரா? இல்லை, உத்தரவை மதிக்காதே, இந்த நீதிபதியைச் சும்மா விடாதே என்கிறாரா? ஒரே வாக்கியத்தில் நான்கையும் கலந்து அடிப்பதுதான் மேடைக் கலை. பிரித்தெடுப்பது நம் வேலை.

நம் நாட்டில் இதற்கு முன்னுதாரணங்கள் ஏராளம், எந்தக் கட்சியும் விலக்கில்லை. கேரள முதல்வராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் 1967-ல் செய்தியாளர்களிடம், நீதிபதிகள் வர்க்க நலனாலும் வர்க்க வெறுப்பாலும் இயங்குகிறார்கள், நன்றாக உடுத்திய பணக்காரனும் கந்தல் உடுத்திய ஏழையும் எதிரெதிரே நின்று சாட்சியம் சமமாக இருந்தால் நீதிபதியின் மனம் பணக்காரன் பக்கமே சாயும் என்றார். எந்த நீதிபதியின் பெயரையும் சொல்லவில்லை, முழு அமைப்பைப் பற்றிய அரசியல் கருத்து அது. கேரள உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் அபராதம் போட்டது. 1970-ல் உச்ச நீதிமன்றம் அதை 50 ரூபாயாகக் குறைத்தது, ஆனால் குற்றம் குற்றம்தான் என்றது.

1987-ல் மத்திய அமைச்சர் பி. சிவசங்கர் ஹைதராபாத் கூட்டமொன்றில் பேசியது இதைவிடக் காரம். அந்நியச் செலாவணி மோசடிக்காரர்களும் மருமகளை எரிப்பவர்களும் உச்ச நீதிமன்றத்தில் புகலிடம் காண்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். 1988-ல் அதே உச்ச நீதிமன்றம் அதை அவமதிப்பு இல்லை என்று விட்டுவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் நீதிமன்றத்தின் தோல் தடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அமைச்சருக்கு ஒரு அளவு, மற்றவருக்கு ஒரு அளவா என்ற சந்தேகம் வந்தால் அதுவும் நியாயமே.

2018-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் விநாயகர் ஊர்வலம் தொடர்பாகப் போலீஸாரோடு வாக்குவாதம் செய்த பாஜக தலைவர் எச். ராஜா, உயர் நீதிமன்றத்தைக் கொச்சையாகக் குறிப்பிட்ட காணொளி பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். இதில் தீர்ப்பைப் பற்றிய வாதம் எதுவும் கிடையாது, வசை மட்டுமே. 2024-ல் தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி, எதிர்க்கட்சியைச் சேர்ந்த கவிதாவுக்குக் கிடைத்த ஜாமீனுக்குப் பின்னால் அரசியல் பேரம் இருப்பதுபோலப் பேசினார். உச்ச நீதிமன்றம் கண்டித்ததும் வருத்தம் தெரிவித்தார். விலை போனார்கள் என்று சாடை பேசுவது சுலபம். அதே ஆள், ‘ஆதாரம் இதோ’ என்று மனு போட்டாரா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

படி 3: பேசுகிறவர் யார், எங்கே நின்று பேசுகிறார்

சாதாரணக் குடிமகன் டீக்கடையில் பேசுவதும் அமைச்சர் பேசுவதும் ஒன்றாகாது. நாட்டின் மிகப் பெரிய வழக்காளி அரசுதான். நாளைக்கு அதே நீதிபதி முன் அரசு வழக்கறிஞர் நிற்கப்போகிறார். இன்று அமைச்சர் நீதிபதியைப் பெயர் சொல்லித் திட்டினால், அது விமர்சனம் என்பதோடு வழக்கில் ஒரு தரப்பு கொடுக்கும் அழுத்தமும் ஆகிறது.

பேச்சு செயலாக மாறிய வரலாறும் உண்டு. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு 1973 ஏப்ரல் 24 அன்று வந்தது. மறுநாளே, அரசுக்கு எதிராக முடிவெடுத்திருந்த மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். நீதிபதியின் கண்ணோட்டம் என்ன என்று பார்த்து நியமிக்க அரசுக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றத்தில் அதை ஆதரித்து வாதாடியவர் நம்மூர்க்காரர், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். மரியாதையான மொழியில், தர்க்கத்தோடு பேசினார். வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் நீதிமன்றத்தை மிரட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் சொல்லின் காரத்தை மட்டும் பார்க்காதீர்கள், சொல்கிறவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து இடம். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசியதற்காக உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அரசியலமைப்பே அங்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பிரிவு 121-ன்படி, உச்ச, உயர் நீதிமன்ற நீதிபதியின் பணி நடத்தையைப் பற்றி நாடாளுமன்றத்தில் விவாதிக்கக் கூடாது, பதவி நீக்கத் தீர்மானம் வந்தால் மட்டும் விவாதிக்கலாம். சட்டமன்றத்துக்குப் பிரிவு 211, அங்கே அந்த ஒரு விலக்குகூடக் கிடையாது. உங்கள் எம்.எல்.ஏ. அவையில் நீதிபதியை விளாசினால், அவைத்தலைவர் அதைக் குறிப்பிலிருந்து நீக்கினாரா என்று கேட்கலாம்.

இன்னொன்று. நீதிபதி திருப்பிப் பேச முடியாது. உச்ச நீதிமன்றம் 1997-ல் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறிகளின்படி நீதிபதி ஊடகப் பேட்டி தரக் கூடாது, அரசியல் விவகாரங்களில் பொதுவெளியில் கருத்துச் சொல்லக் கூடாது. பதில் வராத ஆளைத் திட்டுவதில் வீரம் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

படி 4: இது அவமதிப்பா?

இதை வேகமாக முடித்துவிடலாம், ஏனென்றால் விவாதங்களில் இதற்குக் கிடைக்கும் இடம் தேவைக்கு மேல். 1971-ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு, முடிந்துபோன வழக்கின் தீர்ப்பைப் பற்றிய நேர்மையான விமர்சனம் அவமதிப்பு ஆகாது என்கிறது. 2006 திருத்தத்துக்குப் பிறகு, பொதுநலனுக்காக, நல்ல நோக்கத்தோடு சொன்ன உண்மையைத் தற்காப்பாக ஏற்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறையோ 2,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ. தனிநபர் ஒருவர் குற்றவியல் அவமதிப்பு மனு போட வேண்டுமானால், உயர் நீதிமன்றத்தில் அட்வகேட் ஜெனரலின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் அல்லது சொலிசிட்டர் ஜெனரலின் ஒப்புதல் வேண்டும். இவர்கள் எல்லோரும் அரசு நியமித்தவர்கள். ஆளும் கட்சிக்காரர் பேசியிருந்தால் ஒப்புதல் எவ்வளவு சீக்கிரம் வரும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

2025 ஏப்ரலில் பாஜக எம்.பி. நிஷிகாந்த் துபே, நாட்டில் நடக்கும் உள்நாட்டுப் போர்களுக்கு அன்றைய தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னாதான் பொறுப்பு என்றார். மே மாதம் அதைப் பற்றி வந்த மனுவில், பேச்சு மிகவும் பொறுப்பற்றது என்று கண்டித்த உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட அபத்தமான பேச்சுக்கு வாடிப்போகும் பூக்கள் அல்ல நீதிமன்றங்கள் என்று சொல்லி நடவடிக்கையைத் தவிர்த்தது. 2020-ல் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணின் இரண்டு ட்வீட்களுக்குக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து ஒரு ரூபாய் அபராதம் விதித்ததும் இதே நீதிமன்றம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவமதிப்புச் சட்டத்தை நம்பி எதையும் கணிக்க முடியாது என்பது விளங்கும்.

படி 5: மேல்முறையீடு செய்தாரா என்று கேளுங்கள்

தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் அரசியல்வாதிக்கு நம்மைவிட நிறைய வழிகள் இருக்கின்றன. மேல்முறையீடு செய்யலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால் சீராய்வு மனு, அதற்கும் பிறகு 2002-ல் உருவான மறுசீராய்வு மனு. அப்புறம் சட்டம் இயற்றலாம்.

ஜல்லிக்கட்டு நமக்குத் தெரிந்த கதை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு தமிழக சட்டமன்றம் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஒன்பது ஆண்டுகள் ஆயின, ஆனால் தீர்ப்பின் அடிப்படையையே மாற்றியது ஒரு சட்டம்.

ஆளுநர் வழக்கு இன்னும் சுவாரஸ்யம். 2025 ஏப்ரல் 8 அன்று, தமிழக மசோதாக்களை ஆளுநர் கிடப்பில் போட்ட வழக்கில், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வைத்தது. உடனே குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஜகதீப் தன்கர், முழு நீதி கிடைக்கத் தேவையான எந்த உத்தரவையும் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு 142, ஜனநாயக சக்திகளுக்கு எதிரான அணு ஏவுகணை ஆகிவிட்டது என்றார். பரபரப்பான தலைப்பு கிடைத்தது, சட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. மே மாதம் குடியரசுத் தலைவர் பிரிவு 143-ன்கீழ் உச்ச நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. அந்தக் கருத்து உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம் (எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு). ஆனால் நிலைமையை மாற்றியது ஏவுகணைப் பேச்சு இல்லை, கேள்விகளை வரிசைப்படுத்தி எழுதிய ஒரு தாள்.

படி 6: ‘பதவியிலிருந்து தூக்குவோம்’ என்றால் கணக்குப் போடுங்கள்

உச்ச, உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்க, நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தையோ இயலாமையோ இருக்க வேண்டும். 1968-ம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி, மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட்ட நோட்டீஸ் வேண்டும். அவைத்தலைவர் அதை ஏற்கலாம், தள்ளலாம். ஏற்றால் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சட்ட வல்லுநர் ஒருவர் என மூவர் குழு விசாரிக்கும். குற்றம் நிரூபணமானால் இரண்டு அவைகளும் ஓட்டுப் போட வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அத்துடன் வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு.

இதுவரை ஒரு நீதிபதிகூட இந்த வழியில் ஓட்டெடுப்பு முடிந்து நீக்கப்பட்டதில்லை. ஏன் என்று புரிய 1993 மே மாதத்தைப் பாருங்கள். நீதிபதி வி. ராமசாமி, பஞ்சாப் ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு இல்லத்துக்குச் செய்த செலவுகளைப் பற்றிய குற்றச்சாட்டு. விசாரணைக் குழு பல குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாகச் சொல்லிவிட்டது. மக்களவையில் தீர்மானத்துக்கு ஆதரவாக 196 ஓட்டு, எதிராக ஒன்றுகூட இல்லை. காங்கிரஸும் அதன் கூட்டணியும் சேர்ந்து 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது. அவரைக் காப்பாற்றியது நீதித்துறை அல்ல, நாடாளுமன்றம்.

2011-ல் சௌமித்ர சென் என்ற நீதிபதியை நீக்க மாநிலங்களவை ஓட்டுப் போட்டது. மக்களவை ஓட்டெடுப்புக்கு முன்பே அவர் ராஜினாமா செய்துவிட்டார். அதே ஆண்டு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி பி.டி. தினகரனும் விலகினார். உயர் நீதிமன்றத்தில் 62 வயது, உச்ச நீதிமன்றத்தில் 65 வயது ஓய்வு என்பதால், இழுத்தடித்தால் காலமே வழக்கை முடித்துவிடும்.

சமீபத்திய இரண்டு நோட்டீஸ்களை ஒப்பிட்டால் இந்தப் படி தெளிவாகும். நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் டெல்லி இல்லத்தில் 2025 மார்ச்சில் தீப்பிடித்தபோது எரிந்த பணக்கட்டுகள் கிடைத்ததாகக் குற்றச்சாட்டு. பல கட்சி எம்.பி.க்கள் கையெழுத்திட்டார்கள், ஆகஸ்டில் சபாநாயகர் மூவர் குழு அமைத்தார். இங்கே பிரச்சினை எந்தத் தீர்ப்பையும் பற்றியது இல்லை. திருப்பரங்குன்றம் தீப விவகாரத்தில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனுக்கு எதிராக திமுக முன்னின்று 100-க்கும் மேற்பட்ட எம்.பி.க்களின் கையெழுத்தோடு 2025 டிசம்பரில் நோட்டீஸ் கொடுத்தது வேறு மாதிரி. அதில் சொன்னவற்றில் எது நடத்தை பற்றியது, எது தீர்ப்பின் மீதான கோபம் என்று பிரித்துப் படியுங்கள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது மட்டும் தவறான நடத்தை ஆகாது, அதற்கு மேல்முறையீடு இருக்கிறது. அதே நேரத்தில், கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள் என்ற அளவில் மேடை வசையைவிட இது மேல் என்றும் நான் சொல்வேன். குறைந்தது எந்தக் குற்றச்சாட்டுக்கு யார் பொறுப்பு என்று தெரிகிறது.

படி 7: உங்களுக்கே புகார் இருந்தால்

அரசியல்வாதிகளை விடுங்கள். உங்கள் வழக்கில் நீதிபதி ஒழுங்கீனமாக நடந்தார் என்று நினைக்கிறீர்கள். முதலில், அது மேல்முறையீட்டில் தீர வேண்டிய குறையா, நடத்தை பற்றிய புகாரா என்று பாருங்கள். சாட்சியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது முதல் வகை. பணம் கேட்டார், எதிர்த்தரப்பைத் தனியே சந்தித்தார் என்பவை இரண்டாம் வகை.

முன்சீப், மாஜிஸ்திரேட், சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி எல்லோரும் பிரிவு 235-ன்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். புகாரை உயர் நீதிமன்றத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்புங்கள், அங்கே கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்கு அளிக்கும் இப்படிப்பட்ட புகார் அவமதிப்பு ஆகாது என்று அவமதிப்புச் சட்டத்தின் 6-வது பிரிவே பாதுகாப்புத் தருகிறது. மொட்டைக் கடிதம் வேண்டாம், அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். வழக்கு எண், தேதி, மன்றத்தில் யார் யார் இருந்தார்கள், நீதிபதி என்ன சொன்னார், உங்களிடம் என்ன ஆதாரம் என்று எழுதி, பிரமாணப் பத்திரத்தோடு இணையுங்கள். ‘ஊழல் பெருச்சாளி’ போன்ற அடைமொழிகளை எடுத்துவிடுங்கள். அவை படிக்கிறவரின் நம்பிக்கையைக் குறைக்கும், வேறு பயன் இல்லை.

உயர் நீதிமன்ற நீதிபதி மீதான புகார் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்கோ இந்தியத் தலைமை நீதிபதிக்கோ போக வேண்டும். 1999-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற உள் விசாரணை முறைப்படி, முகாந்திரம் இருந்தால் பிற உயர் நீதிமன்றங்களைச் சேர்ந்த மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். அறிக்கை பாதகமாக இருந்தால் ராஜினாமா செய்யச் சொல்வது, வழக்குகளை ஒதுக்காமல் நிறுத்துவது, குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் எழுதுவது வரைதான் தலைமை நீதிபதியால் முடியும். பெரும்பாலான புகார்கள் என்ன ஆயின என்று வெளியே தெரிவதில்லை. இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான். நீதித்துறையை உண்மையாகவே கேள்வி கேட்க நினைக்கும் அரசியல்வாதி பேச வேண்டியது இதைப் பற்றி.

போலீஸில் நேராக வழக்குப் பதிய முடியுமா என்றால், முடியாது. முன்னாள் சென்னை தலைமை நீதிபதி கே. வீராசாமியின் வழக்கில் 1991-ல் வந்த தீர்ப்பின்படி, உயர், உச்ச நீதிமன்ற நீதிபதி மீது வழக்குப் பதியும் முன் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்க வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதிகளும் தன் வரம்புக்குள் வருவார்கள் என்று, ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்பு 2025 ஜனவரியில் சொன்னது, பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

சொத்து விவரம் கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. தலைமை நீதிபதி அலுவலகம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2025 மே மாதம் முதல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொத்து விவரங்கள் அதன் தளத்தில் ஏற்றப்படுகின்றன. அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

படி 8: உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டியவை

நீதிபதிகளைப் பற்றி நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. நீதிபதிகளைத் தேர்வு செய்யும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்தில் பெயர்கள் எப்படித் தேர்வாகின்றன? ஓய்வு பெற்ற கையோடு பதவி ஏற்பதற்கு ஏன் இடைவெளி விதி இல்லை? தலைமை நீதிபதியாக இருந்த பி. சதாசிவம் 2014-ல் ஓய்வு பெற்ற சில மாதங்களில் கேரள ஆளுநரானார். ரஞ்சன் கோகோய் ஓய்வு பெற்ற நான்கு மாதங்களில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அபிஜித் கங்கோபாத்யாய் 2024 மார்ச்சில் ராஜினாமா செய்து, பாஜகவில் சேர்ந்து, அந்த ஆண்டே எம்.பி. ஆனார். இதற்கெல்லாம் நாடாளுமன்றம் சட்டம் போடலாம், தனிநபர் மசோதா கொண்டுவரலாம்.

ஆகவே தலைவர் அடுத்த முறை மைக் முன்னால் நீதிபதியை வாங்கு வாங்கென்று வாங்கும்போது, அவர் கட்சி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சொன்ன குற்றச்சாட்டை யாரிடம் எழுத்தில் கொடுத்தீர்கள்? மேல்முறையீடு எந்தத் தேதியில் தாக்கலானது? நீதிபதிகள் மீதான புகார்களின் முடிவை வெளியிட வேண்டும் என்று அவையில் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறீர்களா? அவையில் கேட்ட கேள்விகள் எல்லாம் உறுப்பினர் பெயரோடு நாடாளுமன்றத் தளத்தில் இருக்கின்றன. அவர் பதில் எழுதாவிட்டாலும் நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.